கொலோன் வெயிலும் குரக்கன் புட்டும்: விற்றமின்கள், கனியுப்புக்கள் பற்றிச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் வந்தால் கைலேஞ்சியை ஓடிக்கொலோனில் நனைத்து நெற்றியில் போட்டுவிடுவார்கள். அந்தப் பெயருக்குள் ஒரு ஊர் ஒளிந்திருக்கிறது என்பது எங்களில் பலருக்கு 1980களில் ஜேர்மனிக்கு அகதியாக வந்த பின்னர்தான் தெரிந்தது. கொலோன், ஜேர்மன்காரர் வாயில் கேல்ன். றைன் நதி, இரட்டைக் கோபுரத் தேவாலயம், பல்லாயிரம் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்த பல்கலைக்கழக நூலகம் என்று இந்த ஊரைப் பற்றி எழுத எவ்வளவோ உண்டு. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அதன் வானத்தை. உணவு பற்றிய கட்டுரையில் வானத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். மாச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும் உடலுக்கு எரிபொருளாகவும் கட்டுமானப் பொருளாகவும் இருப்பவை. இவற்றை நாம் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிராம் உண்கிறோம். விற்றமின்களும் கனியுப்புக்களும் எரிபொருளல்ல. மில்லிகிராமிலும் மைக்ரோகிராமிலும் தேவைப்படுபவை. ஆனால் அவை இல்லாவிட்டால் மற்ற மூன்றும் பயன்படாமல் கிடக்கும். விற்றமின் என்ற பெயரை 1912இல் வைத்தவர் போலந்தில் பிறந்து இலண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த கசிமிர் ஃபங்க். அதற்கு முன்பே, 1890களில், ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்ரியான் ஐக்மன் தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகளுக்குக் கால் தள்ளாடுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டிருந்தார். பெரிபெரி நோயின் முடிச்சு அவிழ்ந்தது அங்கேதான். இதற்காக அவருக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் இடமுண்டு. நீலகிரியின் குன்னூரில் றொபேட் மக்கரிசன் என்ற பிரித்தானிய மருத்துவர் 1918இல் பெரிபெரி பற்றி ஒரு சிறிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுகூடமாகி, பிறகு ஐதராபாத்துக்கு இடம்மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இயங்குகிறது. புழுங்கலரிசி உண்பவர்களுக்குப் பெரிபெரி ஏன் அரிது என்பதும் இக்காலத்து ஆய்வுகளில் தெளிவான விடயம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள விற்றமின் பி1 அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை. நெல் அவித்த எங்கள் பாட்டிமாருக்கு விற்றமின் என்ற சொல் தெரியாது; ஆனால் அவர்கள் செய்த வேலை அதுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், புலம்பெயர்ந்தவர்களில் பலர் உணவு பற்றிப் பேசும்போது முதலில் சொல்வது, 'நாங்கள் ஊர்ச் சாப்பாட்டையே சாப்பிடுகிறோம், எங்களுக்கு என்ன குறை?' என்பது. ஓரளவுக்கு உண்மைதான். இன்று கொலோனில் தமிழ்க் கடைக்குப் போனால் சிவப்புப் புழுங்கலரிசி, குரக்கன் மா, முருங்கையிலை, உறைந்த பாரை, நெத்தலிக் கருவாடு எல்லாம் கிடைக்கும். விலையைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. ஆனால் ஊரில் எங்கள் உடலுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு முக்கியமான சத்து சாப்பாட்டில் இருக்கவேயில்லை. அது முற்றத்தில் இருந்தது. நெல் காயப்போடும்போதும், கிணற்றடியில் குளிக்கும்போதும், பாடசாலைக்கு நடக்கும்போதும் தோல்வழியாக வந்தது. அதைப் பொதிசெய்து அனுப்ப எந்தக் கடைக்காரராலும் முடியாது.

விற்றமின் டி என்று பெயர் பெற்றிருந்தாலும் அது ஏனைய விற்றமின்களைப் போன்றதல்ல. தோலில் உள்ள, கொலஸ்ரரோலுக்கு நெருங்கிய ஒரு பொருளின் மீது சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் படும்போது அது உருவாகிறது. பிறகு ஈரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாற்றம் பெற்று, குடலிலிருந்து கல்சியத்தை உறிஞ்சும் வேலையைக் கவனிக்கிறது. ஆகவே இதை விற்றமின் என்பதைவிட ஹோர்மோன் என்று சொல்வதே பொருத்தம். இது குறைந்தால் எவ்வளவு பால் குடித்தாலும் கல்சியத்தின் பெரும்பகுதி உடலில் சேராமல் வெளியேறிவிடும். குழந்தைகளில் எலும்பு வளைந்து கணைக்கால் வில்லாகும். உச்சிக்குழி மூடத் தாமதமாகும். பெரியவர்களில் எலும்பு மென்மையாகி இடுப்பும் தொடையும் வலிக்கும். படியேறக் கால் ஏவாது.

இப்போது வானத்துக்கு வருவோம். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்குள் இருக்கிறது. கொலோன் 51 பாகைக்குச் சற்றுக் குறைவு. டிசம்பர் 22ஆம் திகதி நண்பகலில் யாழ்ப்பாணத்துச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கும். அதே நாளில் கொலோனில் அது 16 பாகைக்கு மேல் எழும்பாது. அவ்வளவு சரிவாக வரும் ஒளி, தலைக்கு மேலிருந்து வரும் ஒளியைப்போல மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட காற்றுப்படலத்தைக் கடக்கவேண்டும். வழியிலேயே புற ஊதா பி கதிரை ஓசோன் தின்றுவிடும். ஒக்ரோபர் முதல் மார்ச் வரை ஜேர்மனியில் எவ்வளவு நேரம் வெளியே நின்றாலும் தோலில் போதிய விற்றமின் டி உருவாகாது என்பது இந்நாட்டுச் சுகாதார ஆய்வு நிறுவனமான றொபேட் கொக் நிறுவனத்தின் கூற்று. கொலோன்காரர்கள் நவம்பர் 11ஆம் திகதி 11 மணி 11 நிமிடத்துக்குத் தொடங்கி சாம்பல் புதன் வரை கொண்டாடும் கார்னிவல் பருவம் முழுவதும் இந்த இருட்டுக்குள்தான் அடங்குகிறது. வேடம் போட்டுத் தெருவில் ஆடுகிறவர்களுக்கும் விற்றமின் கிடைப்பதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நண்பகலில் வெளியே நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் அந்த வெயில் கண்ணுக்குத்தான் வெயில். தோலுக்கு மிகக் கொஞ்சமே பயன். கொலோனில் நிழல் உயரத்தைவிடக் குறுகுவது ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரைதான். யன்னல் கண்ணாடியும் இந்தக் கதிரை மறித்துவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. வாகனம் ஓட்டும்போது முழங்கை சூடாவது வேறு கதிரால்.

எங்கள் தோல் நிறமும் இதில் சேர்கிறது. கருமைக்குக் காரணமான மெலனின் என்ற நிறப்பொருள் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் இயற்கைக் குடை. பத்துப் பாகையில் அது வரம். ஐம்பத்தொரு பாகையில் அதே குடை வெள்ளைத் தோலுக்குப் போதுமான நேரத்தைப்போலப் பல மடங்கு நேரத்தைக் கேட்கும். வெள்ளைக்காரருக்கே இங்கே நிலைமை திறமில்லை: 2008 முதல் 2011 வரை நாடளாவிய அளவில் வளர்ந்தோரிடம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேருக்கு விற்றமின் டி அளவு லீற்றருக்கு 30 நனோமோலுக்குக் கீழே இருந்தது. இது குறைபாடு என்று கொள்ளப்படும் எல்லை. 50ஐ எட்டினால் எலும்புக்குப் போதுமானது என்பார்கள்.

எங்கள் மக்களைப் பற்றி நேரடியான ஒரு ஆய்வு நோர்வேயிலிருந்து வந்தது. ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008இல் அதை வெளியிட்டார்கள். நோர்வேயின் இலங்கையரில் மிகப் பெரும்பாலோர் தமிழர் என்பது வாசகர்களுக்குத் தெரியும். கண்டியில் சராசரி 50ஐச் சற்றுத் தாண்டியிருந்தது; ஒஸ்லோவில் 30ஐ ஒட்டி நின்றது. ஒரே மரபு, ஏறத்தாழ ஒரே சமையல், வேறு வானம். கொலோன் ஒஸ்லோவைவிடத் தெற்கே உள்ளது என்பது ஒரு ஆறுதல். ஆனால் நோர்வேக்காரரிடம் மீனெண்ணெய் குடிக்கும் பழக்கமாவது இருக்கிறது. கண்டிக்கணக்கும் அவ்வளவு பெருமைப்படத்தக்கதல்ல என்பதையும் சொல்லவேண்டும். வெயில் இருந்தும் வெயிலுக்கு ஒதுங்குவது இப்போது ஊரிலும் வழக்கமாகிவிட்டது. இந்திய நகரங்களிலும் இக்குறைபாடு பரவலாகவே காணப்படுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பல ஆண்டுகளாக விடியற்காலை நான்கு மணிக்கு அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவார். இருட்டோடு போய், பகலில் படுத்து, மாலையில் மீண்டும் இருட்டோடு வேலை. இடுப்பும் காலும் உளைகிறது என்று சொல்லத் தொடங்கினார். குளிர் பிடித்துவிட்டது என்று நாங்கள் நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசச் சொன்னோம். ஒரு வைத்தியர் வலிமாத்திரை கொடுத்தார்; இன்னொருவர் மனச்சோர்வு என்றார். நாடு விட்டு வந்தவர்களுக்கு மனச்சோர்வு என்று எழுதுவது எளிது, பல வேளைகளில் உண்மையும்கூட. இரண்டு குளிர்காலம் கழிந்த பின்னரே யாரோ இரத்தத்தில் விற்றமின் டி பார்த்தார்கள். குறைபாட்டு எல்லையின் அரைவாசிகூட இல்லை. சில மாத மருந்தில் அவர் படியேறத் தொடங்கினார். எல்லா வலிக்கும் இது காரணமல்ல. ஆனால் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் காலம் கழித்த எங்கள் தலைமுறைப் பெண்களின் வலியை விசாரிக்கும்போது இந்த ஒரு கேள்வியையும் கேட்டிருக்கவேண்டும்.

பிரித்தானியாவில் இதை முன்பே கண்டார்கள். கிளாஸ்கோவில் வாழ்ந்த பாகிஸ்தானியரிடையே எலும்பு வளையும் நோயும் எலும்பு மென்மையாகும் நோயும் இருப்பதாக 1962இலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். ஐரோப்பாவின் தொழில்நகரங்களில் கரும்புகைக்குக் கீழே வளர்ந்த வெள்ளைக் குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் இருந்த அதே நோய். அதை ஜேர்மன் மொழியில் 'ஆங்கில நோய்' என்றே அழைத்தார்கள்.

அந்த நோயை ஒளியால் குணப்படுத்தலாம் என்று காட்டியவர் பேர்லினில் இருந்த குழந்தை மருத்துவர் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி. முதலாம் உலகப்போர் முடிந்த 1918-19 குளிர்காலம், எங்கும் பஞ்சம். எலும்பு வளைந்த சில குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் புற ஊதா ஒளியில் கிடத்திப் பார்த்தார். எலும்பு தேறுவது எக்ஸ்றேயில் தெரிந்தது. ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் மற்றக் கை எலும்பும் தேறியது. ஆகவே தோலில் உருவாகும் ஏதோ ஒன்று இரத்தத்தில் ஓடுகிறது என்பது தெளிவாயிற்று. 1922இல் அமெரிக்கரான எல்மர் மக்கொலம் அந்தப் பொருளுக்கு விற்றமின் டி என்று பெயரிட்டார். கோற்றிங்கனில் அடோல்ஃப் வின்டவுஸ் அதன் வேதியியலை ஆராய்ந்து 1928இல் நோபல் பரிசு பெற்றார். யூதரான ஹுல்ட்ஷின்ஸ்கியோ நாசி ஆட்சியில் நாட்டை விட்டு வெளியேறி எகிப்துக்குப் போய், 1940இல் அலெக்சாந்திரியாவில் இறந்தார். வெயில் இல்லாத நாட்டுக் குழந்தைகளுக்கு வெயில் கொடுத்தவர், வெயில் நாட்டில் அகதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய வேலையின் தொடர்ச்சிதான் இன்று ஜேர்மனியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டாவது கிழமையிலிருந்து கொடுக்கச் சொல்லும் சின்ன மாத்திரை. நாளொன்றுக்கு 400 முதல் 500 அலகு, முதலாம் ஆண்டு முழுவதும், பிறகு அடுத்த கோடை தொடங்கும்வரை. தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது, பச்சைக் குழந்தைக்கு மாத்திரை எதற்கு என்று எங்கள் வீடுகளில் இதை இடையில் நிறுத்திவிடுவதைக் கண்டிருக்கிறேன். தாய்ப்பாலுக்கு ஈடில்லை, ஆனால் விற்றமின் டி மட்டும் அதில் மிகக் குறைவு. தாய்க்கே குறைவாக இருக்கும்போது பாலில் எங்கிருந்து வரும்? தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

பெரியவர்களுக்கு எவ்வளவு வேண்டும்? கொலோனிலிருந்து முப்பது கிலோமீற்றர் தூரத்தில், பொன் நகரில், ஜேர்மன் ஊட்டச்சத்துக் கழகம் இருக்கிறது. வெயில் கிடைக்காதபோது நாளொன்றுக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 800 அலகு வேண்டும் என்று அது 2012இல் அறிவித்தது. அதற்கு முன் சொல்லிவந்தது வெறும் 5 மைக்ரோகிராம். வழமையான உணவில் ஒருவருக்குக் கிடைப்பது 2 முதல் 4 மைக்ரோகிராம்தான். மிச்சத்தைக் கோடையில் தோல் பார்த்துக்கொள்ளவேண்டும். கிழமையில் இரண்டு மூன்று முறை முகத்தையும் கைகளையும் வெயிலில் காட்டுங்கள், தோல் சிவக்க எடுக்கும் நேரத்தில் அரைவாசிக்கு மேல் வேண்டாம் என்பது இங்கே வழங்கும் ஆலோசனை. தோற்புற்றுநோய்ப் பயமே காரணம். இது வெள்ளைத் தோலை மனத்தில் வைத்துச் சொன்னது. எங்களுக்கு இன்னும் சற்று நேரம் தேவை. குளிர்காலத்தில் வைத்தியரிடம் கேட்டு மாத்திரை எடுப்பதில் வெட்கமில்லை.

ஆனால் கூடினால் கேடு என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும். விற்றமின் சி கூடினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். விற்றமின் டி கொழுப்பில் கரைவது, உடலில் தங்கும். நாளொன்றுக்கு 4000 அலகுக்கு மேல் தொடர்ந்து எடுக்கவேண்டாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் எல்லை. கிழமைக்கு ஒன்று என்று வைத்தியர் எழுதும் 20 000 அலகு மாத்திரையை, நல்லதுதானே என்று நாளுக்கு ஒன்றாக விழுங்கினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகும். ஒரு வீட்டு மாத்திரையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் எங்கள் தாராள மனம் இங்கே ஆபத்து.

'விற்றமின் டி எல்லா நோயையும் தீர்க்கும்' என்று வரும் விளம்பரங்களுக்கும் ஒரு சொல். அமெரிக்காவில் 25,871 பேருக்கு ஐந்தாண்டுக்கு மேல் நாளுக்கு 2000 அலகு அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை என்று 2018இலும், எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022இலும் முடிவு வந்தது. குறைபாடு இல்லாதவர்களுக்கு மேலதிகமாகக் கொடுப்பதால் பயனில்லை என்பதே இதன் பொருள். குறைபாடு உள்ளவருக்கு மருந்து வேண்டாம் என்பதல்ல. ஜேர்மன் சட்டப்படி கடைகளில் விற்கும் சத்து மாத்திரைகள் உணவாகவே கருதப்படுகின்றன. மருந்தைப்போல அவற்றின் பயனை நிரூபித்து அனுமதி பெறவேண்டியதில்லை. மருத்துவ முறைகளின் பயனை எடைபோடுவதற்காகவே 2004இல் தொடங்கப்பட்ட நிறுவனம் ஒன்று இதே கொலோனில் இருக்கிறது. பொதுமக்களுக்கான அதன் தகவல்கள் விளம்பரமில்லாதவை.

மற்றச் சத்துக்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கல்சியம் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். நூறு மில்லிலீற்றர் பாலில் 120 அளவு இருக்கும். நூறு கிராம் குரக்கன் மாவில் 300க்கு மேல். முள்ளோடு தின்னும் நெத்தலிக் கருவாட்டிலும் தோல் நீக்காத எள்ளிலும் தாராளம். ஸ்பினாட் கீரையில் கல்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஒக்சலேற் அதைச் சேரவிடாது. அதற்குப் பதில் குளிர்காலத்தில் சந்தைக்கு வரும் குறூன்கோல் என்ற சுருட்டை இலைக் கோவாவை வாங்குங்கள். ஜேர்மன்காரர் அதைப் பன்றிக் கொழுப்போடு மணிக்கணக்காக வேகவைப்பார்கள். நாம் பொடியாய் அரிந்து தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு ஐந்து நிமிடத்தில் வறை செய்தால் கல்சியமும் மிஞ்சும், விற்றமின் சியும் மிஞ்சும். கொலோனின் குழாய்த் தண்ணீரும் கடினநீர்தான். கேத்தலில் படியும் வெள்ளைப் பொருக்கு பெரும்பாலும் கல்சியம். அதைப் பார்த்துப் பயந்து போத்தல் தண்ணீர் தூக்கிவருகிறவர்கள் முதுகைத்தான் நோகவைக்கிறார்கள்.

இரும்புச்சத்தில் எங்கள் எதிரி தேத்தண்ணி. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். அந்தக் கீரைக்குள் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். மாதவிடாய் உள்ள பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும்.

அயடீன் இன்னொரு கதை. ஜேர்மன் மண்ணில் அயடீன் குறைவு. கழுத்துக் கழலை இந்நாட்டில் முன்பு சாதாரணம். இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம் என்பதால் நாங்கள் அதைப் பற்றி யோசித்ததேயில்லை. இங்கே அது விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. கடலுப்பு இயற்கையானது என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு அதில் அயடீன் மிகச் சிறிதே என்பது தெரியாது. பெட்டியில் யோட்சால்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தைரொயிட் வருத்தம் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். சைவ உணவுக்காரருக்கு பி12 பாலிலும் தயிரிலும் ஓரளவு கிடைக்கும். பாலையும் விட்டவர்களுக்கு மாத்திரையைத் தவிர வழியில்லை.

கடைசியாக, உணவில் விற்றமின் டி அறவே இல்லையா என்று கேட்பவர்களுக்கு. முட்டை மஞ்சட்கருவில் கொஞ்சம், காளானில் கொஞ்சம். உண்மையாகத் தருவது கொழுப்பு மீன்கள். இந்த ஊரில் மலிவாகக் கிடைக்கும் ஹேரிங் என்ற மீனில் நூறு கிராமுக்கு 8 முதல் 25 மைக்ரோகிராம்வரை உண்டு. அதாவது ஒரு துண்டிலேயே ஒரு நாள் தேவை முடிந்துவிடலாம். கார்னிவல் முடிந்த சாம்பல் புதனன்று கொலோன்காரர் கூடியிருந்து மீன் சாப்பிடுவது வழக்கம். ஹேரிங் அதில் முக்கிய இடம் பெறும். வினாகிரியில் ஊறப்போட்டு வெங்காயத்தைச் சுற்றி விற்பதைப் பார்த்து முகம் சுளித்து, விலை கூடிய அறக்குளாவைத் தேடிப் போகிறோம். ஹேரிங் எங்கள் சாளையின் குடும்பத்து மீன்தான். பச்சையாகக் கிடைக்கும் நாளில் வாங்கி, தலையையும் குடலையும் எடுத்துவிட்டு, பழப்புளி கரைத்து, வெந்தயமும் உள்ளியும் போட்டுக் குழம்பு வையுங்கள். மீனின் கொழுப்பு குழம்பில்தான் இறங்கும். ஆகவே சட்டியை வழித்துச் சாப்பிடவேண்டும். குரக்கன் புட்டோடு நன்றாயிருக்கும்.